ஆலையுட் புகாத பாடகர்

2017 ஆம் ஆண்டின் இறுதி மாதங்களில், நியூயோர்க் நகரத்துப் பிறோட்வே அரங்கொன்றிலே, ஏறத்தாழ 1,000 பேர் மாத்திரம் அமரக்கூடிய மண்டபத்தில், 68 வயதுடைய பாடகர் ஒருவர் கிற்றாரையும் பியானோவையும் துணைக்கொண்டு தமது வாழ்க்கைக் கதையைக் கூறத் தொடங்கினார். பல்லாயிரவர் திரளும் விளையாட்டரங்குகளிற் பாடிப் பழகியவர் அவர். தொடக்கத்திலேயே ஒரு வாக்குமூலமும் அளித்தார். தொழிற்சாலையொன்றின் உட்புறத்தைத் தாம் கண்டதேயில்லை என்றார். எனினும் தாம் வாழ்நாளெல்லாம் எழுதியது அதனைப் பற்றியே என்றார். சபையோர் சிரித்தனர். அச்சிரிப்பிற் கலந்துகொள்ள நாம் தயங்குகிறோம்.

தயக்கத்திற்குக் காரணம் உண்டு. புரூஸ் ஸ்பிறிங்ஸ்ரீன் என்னும் இவருடைய பெயர், அரை நூற்றாண்டுக் காலமாக, அமெரிக்க உழைப்பாளி மக்களின் குரல் என்றே உலகெங்கும் பேசப்பட்டு வந்துள்ளது. அக்குரலுக்குரியவர் ஆலைத் தொழிலாளியல்லர் எனின் அப்பாடல்கள் வெறும் வேடந்தாமா? உழைப்போரைப் பற்றி உழைக்காதோர் எழுதலாமா என்பது முற்போக்கு இலக்கியம் பேசப்பட்ட இடமெங்கும் எழுந்த வினா. எளிதில் தீராத வினாவுங்கூட. வழக்கமாக இதற்கு இரு விடைகள் கூறப்படும். பட்டவனே பாடவேண்டும் என்பது ஒன்று. கலைஞன் கற்பனையாளன், அவனுக்கு எல்லையில்லை என்பது மற்றொன்று. முதல் விடையை ஏற்றுக்கொள்வோமாயின் கபிலர் குறிஞ்சி பாடியிருத்தலாகாது, அவர் குறவரல்லர். இரண்டாவதை ஏற்றுக்கொள்வோமாயின், தொழிலாளியும் அவனது துயரமும் பாட்டுக்கு வாய்ப்பான ஒரு கருப்பொருள் என்ற அளவிலே நின்றுவிடும். இவ்விரண்டிற்கும் அப்பாற்பட்ட விடையொன்று ஸ்பிறிங்ஸ்ரீனின் முதல் 35 ஆண்டு வாழ்விலே கிடக்கிறதெனக் கருதுகிறோம்.

அவர் 1949 ஆம் ஆண்டு செப்ரெம்பர் 23 ஆந் திகதி நியூ ஜேர்சி மாநிலத்து லோங் பிறாஞ்ச் நகரிற் பிறந்தார். வளர்ந்தது அதே மாநிலத்து ஃபிறீஹோல்ட் என்னும் சிற்றூரில். அவ்வூரின் பெரிய தொழில் நிலையம் கரகூசியன் என்னும் கம்பள ஆலை. ஊரவர் பலர் அதன் வாயிலுக்குள் நுழைந்தே உண்டு வளர்ந்தனர். ஸ்பிறிங்ஸ்ரீன் பதின்பருவத்தை எட்டிய 1960 களின் தொடக்கத்தில் அவ்வாலை மூடப்பட்டு, தொழில் மலிந்த கூலி நாடித் தென்மாநிலத்துக்குச் சென்றது. இரும்பும் உருக்கும் மோட்டார் வண்டியும் மூடுண்ட 1980 களின் பேரிடர் அமெரிக்கப் பத்திரிகைகளிற் பெரிதாகப் பேசப்படுவதற்கு இருபது ஆண்டுகள் முன்னரே, ஃபிறீஹோல்ட் அதனைக் கண்டுவிட்டது என்பது மனங்கொள்ளத்தக்கது. பின்னாளில் அவர் பாடிய வெற்றாலைகளும் பலகையடித்த கடைவாயில்களும் செய்தித்தாளிற் படித்து எழுதப்பட்டவையல்ல.

பிள்ளைப் பருவத்தின் முதலாண்டுகளை அவர் தந்தைவழிப் பாட்டன் பாட்டியரின் வீட்டிற் கழித்தார். வீடு என்பதிலும் இடிபாடு என்பதே பொருந்தும். கூடத்தில் ஒரு மண்ணெண்ணெய்க் கணப்பு, சமையலறையில் ஒரு நிலக்கரியடுப்பு. வீட்டின் ஏனைய பகுதிகளிற் குளிர் தன்னிச்சையாக உலாவியது. பாட்டன் பழுதுற்ற வானொலிப் பெட்டிகளைக் குப்பைமேடுகளிற் பொறுக்கித் திருத்தி, பண்ணைகளில் வேலைசெய்ய வந்த பரதேசத் தொழிலாளருக்கு விற்பார். பாட்டியோ, 1927 இல் ஐந்து வயதில் வீதி விபத்தில் மாண்ட தன் மகளின் நினைவிலிருந்து மீளாதவர். அவ்விழப்பின் ஈடாகப் பேரனைப் பற்றிக்கொண்டவர். 2016 இல் வெளிவந்த தன்வரலாற்று நூலிலே இப்பகுதி மிகச் சிறந்த உரைநடையாக அமைந்துள்ளது. பாடகர் எழுதும் வரலாறுகளிற் பெரும்பாலானவை கூலிக்கு எழுதப்படுபவை, இஃது அவ்வகையினதன்று.

தந்தை டக்ளஸ், கம்பள ஆலையிலும் ஃபோர்ட் மோட்டார் ஆலையிலும் வேலைபார்த்தார், பஸ் ஓட்டினார், சிறைக்காவலராயிருந்தார். எத்தொழிலும் அவரிடம் நிலைக்கவில்லை. அவரும் எத்தொழிலிலும் நிலைக்கவில்லை. ஆலை இரைச்சல் அவரது செவிப்புலனைக் குறைத்தது. இரவில் வீட்டு விளக்குகளையெல்லாம் அணைத்துவிட்டு, இருளிலே சமையலறை மேசையருகே சிகரெற்றும் பியருமாகத் தனித்திருப்பது அவர் வழக்கம். நீண்ட முடியோடு நள்ளிரவில் வீடு திரும்பும் மகன் அவ்விருளைக் கடந்தே தன் அறைக்குச் செல்லவேண்டும். அவ்வேளைகளில் எழுந்த வாக்குவாதங்களை ஸ்பிறிங்ஸ்ரீன் 1970 களிற் பாட்டுக்களுக்கிடையே நீண்ட கதைகளாக மேடைகளிலே சொல்லி வந்தார். தந்தைக்கு மனநோய் இருந்தமை பிற்காலத்திலேதான் கண்டறியப்பட்டது. எனவே அச்சமையலறை இருளில் எவ்வளவு ஆலையினுடையது, எவ்வளவு நோயினுடையது என்பதை மகனாலும் பிரித்தறிய முடிந்திருக்கவில்லை. மாலை வேளையிற் குடித்துவிட்டுப் பேசாதிருக்கும் தகப்பன்மாரைக் காணாத தொழிலாளர் குடியிருப்பு எங்குமில்லை. பொருளாதாரக் காரணம் ஒன்றையே கொண்டு அனைத்தையும் விளக்கிவிடலாம் எனக் கருதும் நம்மவரும் இவ்விடத்திற் சற்று நின்று சிந்திக்கவேண்டும்.

தாய் அடெல் வழக்கறிஞர் அலுவலகமொன்றிற் செயலாளராயிருந்தவர். குடும்பத்தின் நிலையான வருவாய் அவருடையதே. கடன்வழங்கு நிலையத்திற் கடன்பட்டு அதனை அடைத்து மீண்டும் கடன்படுவது ஆண்டுதோறும் நிகழ்ந்தது. மகன் ஏழு வயதளவிலே தொலைக்காட்சியில் எல்விஸ் பிறெஸ்லியைக் கண்டு கிற்றார் வேண்டுமென்றபோது வாடகைக்கு ஒன்று எடுத்துக்கொடுத்தார். பிஞ்சுக் கைக்கு அஃது அடங்கவில்லை. 1964 இல் பீற்றில்ஸ் குழுவினரின் பாட்டு அமெரிக்க வானொலிகளை நிறைத்த காலையில் அவ்வாசை மீண்டும் எழுந்தது. அவ்வாண்டு நத்தாருக்கு, ஏறத்தாழ 60 டொலருக்கு, ஜப்பானியச் செய்ந்நேர்த்தியுடைய மின்கிற்றாரொன்றைத் தாய் கடன்பட்டு வாங்கிக் கொடுத்தார். கலை வரலாறுகள் பெரும்பாலும் மேதைகளின் பெயர்களை மட்டுமே குறித்துச் செல்கின்றன. அவற்றின் அடியிற் கிடக்கும் கடன்சீட்டுக்களை எழுதுவாரில்லை.

பாடசாலையைப் பற்றியும் ஒன்று கூறவேண்டும். கத்தோலிக்கப் பாடசாலையில் கீழ்வகுப்பிற் பயின்ற காலத்தில், கன்னியாஸ்திரி ஒருவர் அவரைக் குப்பைத்தொட்டியினுள் நிற்கவைத்து அதுவே அவருக்குரிய இடமென்று கூறியதாக அவர் பலமுறை கூறியுள்ளார். ஆசிரியத் தொழிலிலுள்ள நாம் இதனைப் படித்துத் தலைகுனிகிறோம். பின்வாங்கிலிருந்து சாளரத்துக்கு வெளியே பார்த்துக்கொண்டிருக்கும் மாணவனை எண்ணிப் பார்க்கிறோம். இதற்குமேல் இங்கே சொல்ல விரும்பவில்லை. 1967 இல் உயர்தரப் பாடசாலை முடித்தவர் பட்டமளிப்பு வைபவத்துக்குப் போகவில்லை.

அதற்கு முன்னரே, 1965 இல், கஸ்ரீல்ஸ் என்னும் சிறு குழுவில் அவர் சேர்ந்துவிட்டார். ஆலைத் தொழிலாளி ஒருவர் தம் சிறிய வீட்டை இப்பையன்களின் பயிற்சிக்குத் திறந்துவிட்டார். அக்குழுவின் முதல் மேளக்காரர் பார்ற் ஹேன்ஸ் வியற்நாமுக்குச் சென்று 1967 ஒக்ரோபரில் மாண்டார். அவ்வட்டாரத்துக் குழுவொன்றின் பாடகரான வோல்ரர் சிக்கோன் அடுத்த ஆண்டு அங்கேயே காணாமற்போனார். ஸ்பிறிங்ஸ்ரீன் தம் 19 ஆவது வயதில் படைத்தேர்வுக்கு அழைக்கப்பட்டார். முன்னர் நேர்ந்த மோட்டார் சைக்கிள் விபத்தில் தலையிற் பட்ட அடியும், தேர்வின்போது அவர் வேண்டுமென்றே மேற்கொண்ட கிறுக்குத்தனங்களும் சேர்ந்து அவரைத் தப்பவைத்தன. இராணுவம் உன்னை மனிதனாக்கும் என்று நாளெல்லாம் கூறிவந்த தந்தை, மகன் தேறவில்லை என்று கேட்டதும் ‘நல்லது’ என்ற ஒரு சொல்லோடு நிறுத்திக்கொண்டாராம். பல ஆண்டு மௌனத்தினிடையே அச்சொல் மகனுக்கு என்னவாயிற்று என்பதை 1980 களின் மேடைக்கதைகளில் அவரே விரித்துரைத்திருக்கிறார்.

1969 இல் பெற்றோர் கலிபோர்ணியாவுக்குக் குடிபெயர்ந்தனர், மகன் பின்தங்கினார். அடுத்த மூன்றாண்டுகளை விரைந்து கடக்கலாம்: கடற்கரைக் களியாட்டு நகரான அஸ்பரி பார்க்கின் மதுச்சாலைகள், ஸ்ரீல் மில் என்னும் குழு, கையிற் காசின்மை. அந்நாள்களில் அலைச்சறுக்குப் பலகை செய்யும் தொழிற்கூடமொன்றில் அவரும் குழுவினரும் தங்கிப் பயிற்சி செய்தனர். தொழிற்சாலையின் உட்புறத்தைக் கண்டதில்லை என்றவர் இதனை மறந்துவிட்டார் போலும்!

ஆயினும் அஸ்பரி பார்க்கைப் பற்றி நாம் எழுப்பவேண்டிய குறையொன்றுண்டு. 1970 ஆம் ஆண்டு யூலை 4 ஆந் திகதி இரவு அந்நகரின் மேற்குப் பகுதியில், வேலையும் வீடுமின்றி ஒதுக்கப்பட்டிருந்த கறுப்பின மக்களிடையே கிளர்ச்சி வெடித்துப் பல நாள்கள் நீடித்தது. அவர்களை வேலைக்கு எடுக்காத கடற்கரைக் களியாட்டு நிலையங்களும் கைவிடப்பட்ட குடியிருப்புக்களுமே அதன் காரணங்கள். மூன்றாண்டு கழித்து ஸ்பிறிங்ஸ்ரீன் வெளியிட்ட இரண்டாவது இசைத்தட்டில், அந்நகரையும் அதே யூலை நான்காந் திகதியையும் தலைப்பிலே தாங்கிய இனிய பாடலொன்று இருக்கிறது. வாணவேடிக்கையும் கடற்கரை மரநடையும் வாடிய காதலும் அதில் உள்ளன, கிளர்ச்சி இல்லை. அவரது குழுவிற் கறுப்பினக் கலைஞர் இருந்தனர். சக்சபோன் வாசித்த கிளாரன்ஸ் கிளெமன்ஸ் அவருக்கு உடன்பிறப்பனையவர். தம் இசையின் வேர்கள் கறுப்பின மக்களுடையவை என்பதை அவர் என்றும் மறைத்தவருமல்லர். இருந்தும் 23 வயதுக் கவிஞரின் கண் அந்நாளிற் கடற்கரையை மட்டுமே கண்டது. வர்க்கத்தைக் காணுதல் பிறவிக் குணமன்று. அது கற்றுக்கொள்ளப்பட வேண்டியதொன்று என்பதற்கு இப்பாடல் ஒரு சான்று.

1972 மே 2 ஆந் திகதி கொலம்பியா இசைத்தட்டு நிறுவனத்தில் ஜோன் ஹமன்ட் என்பவர் முன்னிலையில் அவர் தனித்துப் பாடிக் காட்டினார். பில்லி ஹொலிடே, பொப் டிலன் ஆகியோரை இனங்கண்டவர் ஹமன்ட்; இனவொதுக்கல் கோலோச்சிய 1938 இல் கறுப்பினக் கலைஞரைக் கார்னகி மண்டபத்து மேடையில் ஏற்றியவர். பாட்டு பிடித்தது, ஒப்பந்தம் எழுதப்பட்டது. ஆனால் அதற்கு முன்னரே, வழக்கறிஞர் எவரையுங் கலந்துகொள்ளாது, முகவர் மைக் அப்பெலோடு ஸ்பிறிங்ஸ்ரீன் செய்துகொண்டிருந்த உடன்படிக்கைகள் பாடல்களின் உரிமையிலும் வருவாயிலும் பெரும்பங்கைப் பிறர் கையில் ஒப்படைத்திருந்தன. 1973 இல் வெளியான முதலிரு தட்டுக்களும் நன்கு விற்கவில்லை. சொற்பெருக்கமே அவற்றின் அழகு. அதுவே அவற்றின் நோயும்.

1975 ஓகஸ்ற்றில் ‘போர்ன் ரு றன்’ வெளிவந்தது. ஓடுவதற்கெனவே பிறந்தோம் என்பது தலைப்பின் பொருள். அத்தலைப்புப் பாடல் ஒன்றைப் பதிவு செய்யவே ஆறு மாதங்கள் சென்றன. தட்டு முழுவதும் ஒரே நிகழ்ச்சியின் பல தோற்றங்கள்: இளைஞன் ஒருவன் காரோடு வாயிலில் நின்று தன் காதலியை அழைக்கிறான், ஊரைவிட்டுப் போய்விடுவோம் என்கிறான். தமிழிலக்கியம் பயின்றோர்க்கு இஃது அறிமுகமான காட்சி. நம் முன்னோர் இதற்கு உடன்போக்கு எனப் பெயரிட்டனர். ஆனால் வேறுபாடு கூர்ந்து நோக்கத்தக்கது. அகப்பாடலில் தலைவன் தலைவியைத் தன் ஊருக்கு அழைத்துச் செல்கிறான். பாலைவெயிலுக்கு அப்பால் ஓர் இல்லமும் இல்லறமும் உள. ஸ்பிறிங்ஸ்ரீனின் தலைவனுக்கோ போகுமிடமில்லை. போதல் ஒன்றே உண்டு. நெடுஞ்சாலை மாத்திரமே அவனது நாடு. அமெரிக்க முதலாளித்துவம் தன் பிள்ளைகளுக்கு விற்ற மாபெரும் கனவு இது: உன் ஊர் உனக்குத் துன்பந் தருமாயின் கார் ஏறிப் போய்விடு, ஊரைத் திருத்த முயலாதே. இளைஞர் உள்ளத்தை ஆட்கொள்ளும் பேராற்றல் இப்பாடல்களுக்கு உண்டென்பதை மறுப்பதற்கில்லை; கேட்குந்தோறும் நாமும் எழுந்து புறப்படவே விழைகிறோம். எனினும் அவர்கள் புறப்பட்டபின் அவ்வூரில் எஞ்சியிருப்பவர் யாவர்? சமையலறை இருளில் இருப்பவரை யார் அழைத்துச் செல்வர்?

அவ்வாண்டு ஒக்ரோபர் 27 ஆந் திகதியிட்ட ‘ரைம்’, ‘நியூஸ்வீக்’ ஆகிய இரு வாரவேடுகளும் ஒரே வாரத்தில் அவர் படத்தை அட்டையில் அச்சிட்டன. அதற்கு முந்திய ஆண்டு ஜோன் லன்டோ என்ற விமரிசகர், றொக் இசையின் எதிர்காலமே இவர்தாம் என்ற கருத்துப்பட எழுதிய ஒரு வாக்கியத்தை நிறுவனம் விளம்பரமாக்கிற்று. அவ்விமரிசகரே பின்னர் தட்டின் தயாரிப்பிற் பங்குகொண்டு, ஈற்றில் முகவருமானார். விமரிசனம் செய்வோர் எண்ணிப் பார்க்கவேண்டிய செய்தி இது. எனினும் லன்டோவுக்கு நீதி வழங்குவோமாயின், நூல்களையும் திரைப்படங்களையும் ஸ்பிறிங்ஸ்ரீனுக்கு அறிமுகஞ் செய்ததில் அவருக்குப் பெரும்பங்குண்டு. ஸ்ரைன்பெக்கின் ‘கோபத்தின் கனிகள்’ நாவலைத் தழுவி ஜோன் ஃபோர்ட் எடுத்த படம் அவ்வகையில் வந்ததே. பட்டம் பெறாத தொழிலாளி மகனுக்கு அதுவே பல்கலைக்கழகமாயிற்று.

1976 யூலையில் முகவர் அப்பெலோடு வழக்குத் தொடங்கிற்று. ஏறத்தாழ ஓராண்டு காலம் புதிய தட்டெதனையும் அவர் பதிவுசெய்ய இயலாதிருந்தார். 1977 மேயில் வழக்கு முடிந்தது. தமது பாடல் தமக்குச் சொந்தமன்று என்பதை நீதிமன்றத்திலே கற்றுக்கொண்ட கலைஞருக்கு, தமது உழைப்பு தமக்குச் சொந்தமன்று என வாழ்நாளெல்லாம் கற்ற தந்தை ஒருவாறு விளங்கத் தொடங்கினார் எனக் கருதுகிறோம். இரண்டும் ஒன்றல்ல, ஒப்பந்தத்தில் ஏமாந்த பாடகனின் துயரும் சம்பளத்துக்கு உடலை விற்றவனின் துயரும் ஒரே தராசில் நிற்பனவல்ல. ஆயினும் ஒன்றினூடே மற்றொன்றை உணரலாம்.

1978 யூனில் வெளிவந்த ‘டாக்னெஸ் ஒன் தி எட்ஜ் ஒவ் ரவுண்’ என்ற தட்டே அதன் விளைவு. ஊரின் ஓரத்து இருள் என்பது பெயர். இங்கே எவரும் ஊரைவிட்டு ஓடுவதில்லை. ஓடினாலும் விடிவதற்குள் திரும்பிவருகின்றனர். சொற்கள் சுருங்கிவிட்டன, சக்சபோன் பின்வாங்கிவிட்டது. முன்பு காதலியை ஏற்றிச்சென்ற கார் இப்போது பகல் வேலையாற் களைத்தவன் இரவில் ஓடும் பந்தயக் காராகிவிட்டது. காதலியோ வீட்டு முகப்பில் வெறித்த பார்வையோடு இருக்கிறாள். ‘ஃபக்ரறி’ என்னும் பாடல் இரண்டேகால் நிமிடத்துக்கு மேற்படாதது. காலையிற் சங்கொலி, ஆலைவாயில், மாலையில் வெளியேறும் மனிதர் என்னும் மூன்று காட்சிகளே அதிலுண்டு. ஆலை தந்தையிடமிருந்து பறித்ததையும் தந்தைக்கு அளித்ததையும் அது சமமான அமைதியோடு கூறுகிறது. வெறுமனே ஆலையைச் சபிப்பது எளிது. சோறும் அங்கிருந்துதானே வந்தது! இம்முரண்பாட்டை இவ்வளவு சிறு பாடலில் அடக்கியமை யதார்த்தவாதத்தின் வெற்றி என்போம்.

இவ்விடத்தில் நம் முதல் வினாவுக்கு மீள்வோம். இப்பாடலிற் பேசுபவன் தொழிலாளியல்லன், தொழிலாளியின் மகன். அவன் ஆலைக்குள்ளே இல்லை. வாயிலில் நின்று, உள்ளே செல்லும் முதுகைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். அகப்பாட்டின் கூற்று மரபைக் கற்றோர்க்கு, யார் பேசுகிறார் என்பதே பாட்டின் பொருளை நிர்ணயிக்கும் என்பது தெரிந்ததே. தலைவியின் துயரைத் தோழி கூறும்போது பாட்டு பொய்யாவதில்லை. தோழி தன்னைத் தலைவி எனச் சொல்லிக்கொள்ளும்போதே பொய்யாகும். ஸ்பிறிங்ஸ்ரீனின் சிறந்த பாடல்கள் தோழி கூற்றுப் போன்றவை. வாயிலில் நின்றவனின் கூற்றுக்கள். தொழிலாளி உடையணிந்து தொழிலாளியாகவே தோன்றிய மேடைகளில்தான் வேடம் என்னும் குற்றச்சாட்டுக்கு அவர் இலக்காகிறார். அவ்வுடை தந்தையினுடையதே என்று அவர் பிற்காலத்தில் ஒப்புக்கொண்டார்.

1980 இல் வந்த ‘த றிவர்’ தட்டின் தலைப்புப் பாடல், இளவயதிலே கருவுற்று மணந்து, கணவனுக்கு வேலையில்லாக் காலத்தில் அல்லலுற்ற அவருடைய தங்கையின் வாழ்வை அடியொற்றியது. அதிலே தொழிற்சங்க அட்டை ஒருமுறை வருகிறது. போராட்டத்தின் கருவியாக அன்று. மணவாடையோடு சேர்ந்து இளைஞனைக் கட்டிப்போடும் இன்னொரு முடிச்சாகவே வருகிறது. இவரது தொழிலாளர் அனைவரும் தனியர். கூடிப் பேசுவோர் இல்லை, வேலைநிறுத்தம் இல்லை, பக்கத்து வீட்டான் என்ன செய்கிறான் என்பதுகூடத் தெரியாது. 1982 ஆம் ஆண்டு யனவரியில் வாடகை வீட்டின் படுக்கையறையில், நான்கு தடக் கசெற் பதிவுக்கருவியிலே தனியே பாடிப் பதிந்த ‘நெப்றாஸ்கா’வில் இத்தனிமை உச்சத்தை அடைகிறது. மோட்டார் ஆலை மூடப்பட்டதும் வேலையிழந்தவன் துப்பாக்கியை எடுத்து ஒருவனைச் சுடுகிறான், நீதிபதி தண்டிக்கிறார். 1980 இல் ஃபோர்ட் நிறுவனம் மூடிய மாவா ஆலையே அப்பாடலின் களம். இது குறைபாடா, மெய்க்காட்சியா? சங்கங்கள் நலிந்து, ஒவ்வொரு குடும்பமும் தன் கதவைத் தானே அடைத்துக்கொண்ட அமெரிக்காவை அவர் கண்டபடியே தீட்டினார் எனலாம். ஆயினும் அதே ஆண்டுகளில் அங்கே உருக்காலைத் தொழிலாளர் கூட்டங்கூடிப் போராடியதும் உண்மை. கலைஞரின் கண் அங்கே சென்றிருந்தால் அவரது கலை இன்னும் ஒருபடி உயர்ந்திருக்கும்.

அக்குறைபாட்டின் விலை 1984 இல் தெரிந்தது.

‘போர்ன் இன் த யு.எஸ்.ஏ.’ என்ற பாடலின் பிறப்பு ஆராயத்தக்கது. வியற்நாமில் ஊனமுற்ற றொன் கோவிக்கின் நூலை ஸ்பிறிங்ஸ்ரீன் 1978 இற் படித்தார். அவரையும், போர்க்களத்தால் நடக்கவியலாது போன பொபி முல்லரையும் சந்தித்தார். 1981 ஓகஸ்ற்றில் போர்மீண்டாரின் அமைப்புக்காக லொஸ் ஏஞ்சலிஸ் நகரில் நிதிக் கச்சேரி நடத்தினார். வேலையற்ற ஊரிற் பிறந்து, போருக்கு அனுப்பப்பட்டு, உடன்பிறந்தானை அங்கே இழந்து, மீண்டும் ஆலைக்கு வந்து வேலை மறுக்கப்பட்டவனின் கூற்று அப்பாடல். முதலில் அது ‘நெப்றாஸ்கா’ பதிவுகளிடையே கிற்றாரோடு மட்டும் பாடப்பட்டது. அங்கே அது புலம்பல். பின்னர் குழுவோடு பதிந்தபோது மேளம் இடியென முழங்கிற்று. கூட்டம் முட்டியுயர்த்திப் பாடக்கூடிய எக்காளமாயிற்று. சொற்கள் மாறவில்லை. உருவம் மாறிற்று. 1984 யூனில் வெளியான அத்தட்டு அமெரிக்காவில் மாத்திரம் 1 கோடி 50 இலட்சத்துக்கு மேல் விற்றது. செப்ரெம்பர் 19 ஆந் திகதி, தேர்தலுக்கு நின்ற ஜனாதிபதி றேகன், நியூ ஜேர்சியின் ஹமன்ரன் ஊரில் மேடையேறி, அமெரிக்காவின் எதிர்காலம் இப்பாடகரின் பாட்டுக்கள் அளிக்கும் நம்பிக்கைச் செய்தியில் இருப்பதாகப் பேசினார்.

றேகன் பாட்டைக் கேளாமலே பேசினார் என்று நகைப்பது எளிது. அவ்வாறே பலரும் நகைத்தனர். நாமோ, அவர் காதில் விழுந்ததும் அப்பாட்டின் ஒரு பகுதியே என்கிறோம். உள்ளடக்கம் அழுகையாயிருக்க உருவம் வெற்றிமுழக்கமாயிருப்பின், கூட்டம் உருவத்தையே கொண்டுசெல்லும். ஆள்வோர் அதனை எடுத்துக்கொள்வர். உருவமும் உள்ளடக்கமும் பற்றி நாம் பல்லாண்டு நடத்திய வாதங்களுக்கு இதனினும் தெளிவான எடுத்துக்காட்டு வேறெங்குங் கிடைப்பதரிது. அம்முழக்கத்தில் மானத்தோடு நிமிரும் குரலும் உண்டென்று அவரது அன்பர் கூறுவர், அதனையும் ஏற்கிறோம். ஆயின் இரட்டைப் பொருளை விளையாட்டரங்கில் விற்பவர், வாங்குவோன் தனக்கு விருப்பமான பொருளை எடுத்துச்செல்வான் என்பதையும் எதிர்பார்த்திருக்கவேண்டும்.

இரு நாள் கழித்து, உருக்காலைகள் ஒவ்வொன்றாக அணைந்துகொண்டிருந்த பிற்ஸ்பேர்க் நகர மேடையில் அவர் விடையிறுத்தார். ஜனாதிபதி தமது தட்டுக்களில் எதனை விரும்பிக் கேட்டார் என்று தெரியவில்லை, ‘நெப்றாஸ்கா’வாக இராது என்று கூறி, மாவா ஆலையிழந்தவனின் பாட்டைப் பாடினார். அந்நகரத்து உருக்குத் தொழிலாளர் சங்கக் கிளையின் உணவுநிதிக்கும் நன்கொடை வழங்கினார். அதற்குப்பின் ஊர்தோறும் கச்சேரிக்கிடையே உள்ளூர்ச் சங்கங்களையும் உணவு வங்கிகளையும் பெயர் கூறி அறிமுகஞ் செய்வது அவர் வழக்கமாயிற்று. பாட்டுக்குள் வராத கூட்டுவாழ்வு இவ்வாறு பாட்டுக்கு வெளியே மேடையேறியது. 1986 யனவரியில், ஃபிறீஹோல்ட்டிலிருந்த 3எம் நிறுவன ஆலை மூடப்படாதிருக்க அஸ்பரி பார்க்கில் நடந்த ஆதரவுக் கச்சேரியிலும் பாடினார். ஆலை மூடப்பட்டது.

அதன்பின் வந்த செல்வத்தைப் பற்றிப் பேசாது விடுவது நேர்மையாகாது. 2021 டிசெம்பரில் தம் பாடல்களின் உரிமை முழுவதையும் அவர் சோனி நிறுவனத்துக்கு விற்றார்; தொகை ஏறத்தாழ 50 கோடி டொலர் எனப் பத்திரிகைகள் எழுதின. ஒருகாலத்தில் எந்த உரிமைக்காக நீதிமன்றம் ஏறினாரோ அதே உரிமை! 2022 இல் அவரது கச்சேரி நுழைவுச்சீட்டுக்களிற் சில, தேவைக்கேற்ப விலையேறும் முறையால், 5,000 டொலர் வரை சென்றன. அவர் அம்முறையை ஆதரித்தே பேசினார். தச்சரும் பஸ் சாரதிகளும் நாற்பதாண்டு அவரைப் பின்பற்றியவர்கள். அவர்களிற் பலர் அவ்வாண்டு வெளியே நின்றனர். வாயிலில் நின்று பார்த்தவன் என்று நாம் அவரைப் புகழ்ந்தோம். இப்போது வாயில் அவருடையதாகிவிட்டது. அதனால் 1978 இன் பாடல்கள் பொய்யாகிவிடுமா எனின், ஆகா. அப்பாடல்களைக் கொண்டே 2022 ஐக் குற்றஞ்சாட்ட முடிகிறது என்பதே அவற்றின் மெய்ம்மைக்குப் போதிய சான்று.

பிறோட்வே மேடையின் அந்நிகழ்ச்சியில் அவர் ‘போர்ன் இன் த யு.எஸ்.ஏ.’யையும் பாடினார். மேளமில்லை, எக்காளமில்லை. பன்னிரு நரம்புக் கிற்றாரைத் தேய்த்தெழுப்பிய கரகரத்த ஓசையும், துணையின்றி ஒலித்த முதிய குரலுமே இருந்தன. பாடுவதற்கு முன் பார்ற் ஹேன்ஸையும் வோல்ரர் சிக்கோனையும் பெயர் கூறி நினைந்தார். படைத்தேர்விலிருந்து தாம் தப்பிவந்த அந்நாளைச் சொன்னார். தமக்குரிய இடத்தில் யாரோ ஒருவன் போயிருப்பான், அவன் யாரோ எனத் தாம் அவ்வப்போது எண்ணுவதுண்டு என்றார். இம்முறை சபையில் எவரும் சிரிக்கவில்லை.